பழைய டைவிங் சிலிண்டர் வாங்கலாமா? எத்தனை வருசம் பாவிக்கலாம்?

முல்லைத்தீவில் கடலட்டை பிடிக்கச் சுழியோட ரெண்டு பழைய அலுமினியச் சிலிண்டர் மலிவாக வந்திருக்கு, தோளில் (கழுத்துக்குக் கீழே வளையிற இடத்தில்) 1985 என்று அடிச்சிருக்கு, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீங்கள். வேண்டாம் தம்பி. 1988க்கு முந்தின அலுமினியச் சிலிண்டர்கள் கனக்க 6351 என்ற கலப்பு உலோகத்தில் செய்தவை. வால்வைப் பூட்டுற கழுத்துப் புரியில் மெல்ல மெல்ல வெடிப்பு விழும். காற்று அடிக்கும்போதே வெடிச்சு ஆட்கள் படுகாயப்பட்டிருக்கினம். பிறகு பாவிச்ச 6061 என்ற கலப்பில் அந்தப் பிரச்சினை இல்லை.

மற்றபடி சிலிண்டருக்கு இத்தனை வருசம் என்று கணக்கில்லை. 5 வருசத்துக்கு ஒருக்கால் நீர் அழுத்தச் சோதனை, வருசத்துக்கு ஒருக்கால் உள்பக்கம் பார்க்கிறது. இதில் தேறினால் 40 வருசத்து உருக்குச் சிலிண்டரும் ஓடும். 3000 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அலுமினியச் சிலிண்டரை நீர் அழுத்தச் சோதனையில் 5000 வரை ஏற்றித்தான் சோதிப்பினம். கடைசிச் சோதனையின் மாதமும் வருசமும் தோளில் பொறிச்சிருக்கும், விரலால் தடவிப் பாருங்கோ.

வாங்க முதல் தலைகீழாகப் பிடிச்சு மெல்ல ஆட்டுங்கோ. சரசரவென்று சத்தம் கேட்டால் உள்ளே கறள். காற்றை முழுக்க விட்டபிறகு, தெரிஞ்ச ஆளைக் கொண்டு வால்வைக் கழற்றி ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. உருக்கில் செம்மண் மாதிரிப் பொருக்கு, அலுமினியத்தில் வெள்ளைத் தூள், ரெண்டும் கூடாது. கறள் உலோகத்தை மட்டும் தின்னாது, அடைச்சு வைச்ச காற்றில் இருக்கிற ஒட்சிசனையும் தின்னும். கீழே போனவர் மூச்சு முட்டாமலே மயங்குவார்.

புதுசாகப் பெயின்ற் அடிச்சிருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கோ. தீப்பட்ட அலுமினியம் பலம் இழந்திடும், அதைப் பெயின்ற் மறைச்சுப்போடும்.