புதிதாக வாங்கிய சிறிய 9 எம்எம் பிஸ்டல் அடிக்கடி ஜாம் ஆகிறது. கம்பெனிக்கு அனுப்பினால் சரியாகுமா, இல்லை விற்றுவிடலாமா?

அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆட்கள் கடையில் போய் வாங்க முடியாது. இன்னொன்று, பெண்ணுக்கு எதற்குத் துப்பாக்கி, வீட்டில் குழந்தை இருக்கும்போது இது தேவையா என்று கமெண்ட் போட வருபவர்கள் தாராளமாகப் போடுங்கள். எண் பூட்டுப் பெட்டியில் இருக்கிறது, எண் எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லப் போவதில்லை.

நான் ஹூஸ்டன் பக்கம் நர்ஸாக இருக்கிறேன். கணவருக்குக் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். அவர் இல்லாத ஓர் இரவு யாரோ பின்கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அது போதாதா? கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, சட்டப்படி வாங்கலாம். கடையில் 4473 படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று வந்தது. காரணம் சொல்ல மாட்டார்கள். என் பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் முதலில், இன்னொன்றில் கடைசியில், மற்றொன்றில் வெறும் இனிஷியல். இந்த ஊரில் எந்தக் கவுன்டருக்குப் போனாலும் நம் ஆட்களுக்கு நடக்கிற கூத்துதான். மூன்று வேலை நாள் கழித்துப் போய் வாங்கிவந்தேன்.

மூன்று இஞ்சுக் குழல், சுமார் அரை கிலோ எடை, பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின் இரண்டு. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். அதே மாடலை வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வாய்த்தது அப்படி.

முதல் நாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், 50 தோட்டா சுட்டேன். ஏழு ஜாம். ஏழும் ஒரே மாதிரி. சுட்டு முடித்த தோட்டாவின் காலி கேஸ் (பித்தளை உறை) சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) விட்டு வெளியே வரவில்லை. பின்னால் போன ஸ்லைடு (ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்) திரும்பும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் காலி கேஸின் முதுகில் முட்டி நிற்கிறது. இதை எடுக்க ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினைப் பிடுங்கி, மூன்று நான்கு முறை ஸ்லைடை இழுத்துவிட்டு, மறுபடி மேகசினைப் போட வேண்டும். எனக்கு இருபது நொடி ஆனது. ரேஞ்சில் இருபது நொடி பெரிய விஷயமில்லை. பின்கதவில் ஆள் நிற்கும்போது?

கவுன்டரில் இருந்த பையன் என் பிஸ்டலைக் கையில்கூட வாங்கவில்லை. "மணிக்கட்டைத் தளர விடுகிறீர்கள், மேடம்" என்றான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அது கட்டுக்கதை இல்லை. ஸ்லைடு முழுதாகப் பின்னால் போக வேண்டுமானால் அடிப்பாகம் அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் இரண்டும் சேர்ந்து பின்னால் நகரும், ஸ்லைடு பாதியிலேயே திரும்பிவிடும். சின்னத் துப்பாக்கியில் இது இன்னும் எளிதாக நடக்கும். ஆனால் நான் 90 கிலோ நோயாளியைத் தினமும் புரட்டிப் படுக்க வைக்கிறவள். என் மணிக்கட்டைப் பார்க்காமலேயே தீர்ப்பு சொன்னான் பாருங்கள், அதுதான் சுட்டது.

கணவர் கரைக்கு வந்ததும் அவரும் சுட்டுப் பார்த்தார். நான்காவது தோட்டாவிலேயே ஜாம். "தோட்டா மட்டமான சரக்கு போல" என்றார். நான் சுட்டால் மணிக்கட்டு, அவர் சுட்டால் தோட்டா!

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு கிரைண்டர் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில், கோயம்புத்தூரில் இருந்தபோது வாங்கிய டேபிள் டாப். மூன்றாம் நாளே கல் நின்று நின்று சுற்றியது. பார்க்க வந்த சர்வீஸ் ஆள் மூடியைக்கூடத் திறக்காமல், உளுந்து சரியாக ஊறவில்லை, தண்ணீர் பத்தவில்லை என்று எனக்குப் பாடம் எடுத்தார். மாமியார் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஒரு மாதம் நான்தான் அரைக்கத் தெரியாதவள். கடைசியில் பெல்ட் தளர்ந்திருந்தது என்று தெரிந்தது. அதற்கு இன்றுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரேஞ்சில் வகுப்பெடுக்கும் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், அவர்தான் வழி சொன்னார். உன் தோட்டாவை என் துப்பாக்கியில் நீ சுடு, உன் துப்பாக்கியில் நான் சுடுகிறேன் என்றார். அவருடையது முழு அளவுத் துப்பாக்கி. அதில் என் டப்பாவிலிருந்தே 50 சுட்டேன், ஒரு சிக்கலும் இல்லை. என்னுடையதில் அவர் 30 சுட்டார், நான்கு ஜாம். மணிக்கட்டும் தோட்டாவும் ஒரே மாலையில் விடுதலை. (முழு அளவுத் துப்பாக்கி தளர்ந்த கையையும் மன்னித்துவிடும், அதனால் இது முழு நிரூபணம் ஆகாது என்று ஒருவர் சொல்லக்கூடும். சரிதான். அதற்குத்தான் அவரே என்னுடையதில் சுட்டார்.)

அப்புறம்தான் நோட்டு. ஆஸ்பத்திரியில் எதையும் எழுதிவைக்கும் பழக்கம் கைகொடுத்தது. இரண்டு மேகசினிலும் மார்க்கரால் 1, 2 என்று எழுதினேன். ஒன்றில் மட்டும் சிக்கினால் கோளாறு மேகசினில், இரண்டிலும் சிக்கினால் துப்பாக்கியில். எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, என்ன ரகம், எந்த வகை ஜாம், யார் சுட்டது என்று ஐந்து கட்டம் போட்டேன். முதல் 200 தோட்டாவரை பழகும் காலம், பொறுங்கள் என்று பலரும் சொன்னார்கள். 200 தாண்டியும் எட்டுக்கு ஒன்று சிக்கியது. 115 கிரெய்ன் (குண்டின் எடை) சாதாரணத் தோட்டா 50 கொண்ட டப்பா அப்போது ஏறக்குறைய 15 டாலர். ரிப்பேர் இலவசம் என்கிறார்கள், கோளாறை நிரூபிக்க நான் சுட்ட தோட்டாவுக்கு யார் காசு தருவது?

அனுப்புவது நினைத்த அளவு கஷ்டமில்லை. ரிப்பேருக்கு உரிமையாளரே நேராகத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், அவர்களும் நேராக வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம், நடுவில் கடை தேவையில்லை. மத்தியச் சட்டமே அதை அனுமதிக்கிறது. ஆனால் கூரியர் லேபிளைக் கம்பெனியிடமிருந்தே கேட்டு வாங்குங்கள், நீங்களாகப் போய் பார்சல் போட முயலாதீர்கள். சேம்பரை இரண்டு முறை பாருங்கள், பெட்டிக்குள் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது. மேகசின் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஐந்து வாரம் கழித்து வந்தது. கூடவே ஒரு சீட்டு: 'ஃபீட் ரேம்ப் பாலிஷ் செய்யப்பட்டது. சுட்டுப் பார்த்ததில் சரியாக இயங்குகிறது.' ஃபீட் ரேம்ப் என்பது புதுத் தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவு. என் புகார் உள்ளே போவதைப் பற்றியதே இல்லை, வெளியே வராததைப் பற்றியது! வயிற்றுவலி என்று போனவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு அனுப்பிய மாதிரி. ரேஞ்சுக்குப் போனேன், 50க்கு ஆறு ஜாம்.

இரண்டாம் முறை வெறும் 'ஜாம் ஆகிறது' என்று எழுதவில்லை. நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து வைத்தேன். ஜாமான காலி கேஸ்கள் பத்தைச் சின்னக் கவரில் போட்டு அனுப்பினேன். (காலி கேஸ்தான், தோட்டா இல்லை.) அவற்றின் விளிம்பில் ஒரே இடத்தில் பித்தளை பிய்ந்திருந்தது. காலி கேஸை வெளியே இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி. அது விளிம்பைப் பிடித்து இழுக்கிறது, பிடி நழுவுகிறது, கேஸ் உள்ளேயே நிற்கிறது. 9 எம்எம் தோட்டாவில் அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தனை பவுண்டு) வரை போகும். சேம்பர் சுவர் சொரசொரப்பாக இருந்தால் அந்த அழுத்தத்தில் விரியும் பித்தளை சுவரைக் கவ்விக்கொள்ளும். பெரிய துப்பாக்கியில் கனமான ஸ்லைடும் நீண்ட ஓட்டமும் இதுபோன்ற குறையைச் சமாளித்துவிடும். சின்னதில் ஸ்லைடு லேசு, ஸ்பிரிங் விறைப்பு, ஓட்டம் குட்டை. எல்லாம் அவசர அவசரமாக நடக்கும், ஒரு சின்னப் பிசகுக்கும் இடம் கிடையாது. பெரியவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், தப்பிருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. 'எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங், குழல் மாற்றப்பட்டன.' அதன்பின் இதுவரை 600 தோட்டாவுக்கு மேல் சுட்டிருக்கிறேன். ஒரே ஒரு ஜாம், அதுவும் பித்தளைக்குப் பதில் இரும்புக் கேஸ் போட்ட மலிவுத் தோட்டாவில். பெட்டியில் வைக்கும் ஹாலோ பாயின்ட் ரகத்தையும் (மூக்கில் குழி உள்ள தற்காப்புத் தோட்டா) 100 சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். பயிற்சித் தோட்டா ஓடுகிறது என்பதற்காக அது ஓடும் என்று இல்லை, மூக்கின் வடிவமே வேறு. விலை வலிக்கும், ஆனாலும் சுட்டுப் பாருங்கள்.

ஒரு ஆற்றாமை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் டோஸ்டர் தீப்பிடித்தால் புகார் செய்ய நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 1972இல் அதற்குச் சட்டம் போட்டபோதே துப்பாக்கியை அதன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். கோளாறான மாடலைத் திரும்பப் பெறு என்று அது உத்தரவிட முடியாது, கம்பெனியாக மனசு வைத்தால்தான் உண்டு. துப்பாக்கி உரிமைக்காரர்கள் சண்டைக்கு வராதீர்கள், நானும் துப்பாக்கி வைத்திருப்பவள்தான். ஓட வேண்டிய பொருள் ஓட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

விற்பதைப் பற்றி: கோளாறை மறைத்து விற்காதீர்கள். உங்களுக்குப் பதில் வேறு யாரோ இருட்டில் அதை நம்பி நிற்பார்கள். கோளாறைச் சொல்லி விற்றால் பாதி விலைகூட வராது. இரண்டு முறை அனுப்பியும் சரியாகவில்லை என்றால் வேறு துப்பாக்கியாக மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள், நான் மூன்றாவது கடிதத்தை அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

உங்கள் கேள்வியில் எந்த வகை ஜாம் என்று இல்லை. புதுத் தோட்டா ஏறாமல் நிற்கிறதா, காலி கேஸ் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு நட்டுக்குத்தலாக நிற்கிறதா, என்னுடையது போல உள்ளேயே தங்குகிறதா? அதை எழுதுங்கள். எந்த மேகசின் என்பதையும்.

இரண்டாவது ரிப்பேர் சீட்டை என் நோட்டுக்குள்ளேயே ஒட்டி வைத்திருக்கிறேன். கணவரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "அப்போ தோட்டா நல்லதுதான் போல" என்றார்.