டயாலிசிஸ் பண்ணியும் ரத்தம் ஏறலையே, முறையை மாத்தணுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க வீட்டுக்காரருக்கு 54 வயசு. சுகரால கிட்னி போயி ரெண்டு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை மெஷின்ல டயாலிசிஸ் பண்றோம். ஹீமோகுளோபின் 7.6க்கு மேல ஏறவே மாட்டேங்குது. வாராவாரம் எரித்ரோபாய்டின் ஊசி போட்டும், மூணு தடவை ரத்தம் ஏத்தியும் அப்படியேதான் இருக்கு. எங்க தெருவுல ஒருத்தர் வயித்துல தண்ணி விட்டு வீட்டுலயே டயாலிசிஸ் பண்ணிக்கிறார், அவருக்கு 10.8 இருக்காம். நாங்களும் அதுக்கு மாறிடலாமா? ஹெச்டிஎஃப்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல ரத்தம் ஊறுமா?
- வாசகி, தென்காசி

பதில்: உங்க கேள்வி ரொம்ப சரியான கேள்விம்மா, ஆனா முறையை மாத்துறதுக்கு முன்னாடி இப்ப பண்ற டயாலிசிஸ்ல ரத்தம் எங்க போகுதுன்னு பாத்துடுவோம்.

ரத்தம் ஊறணும்னா எரித்ரோபாய்டின் வேணும், அதை பெரும்பாலும் கிட்னிதான் சுரக்குது. எந்த டயாலிசிஸும் அதை சுரக்காது, அதனாலதான் ஊசி. ஆனா ஊசி எலும்பு மஜ்ஜையை வேலை செய்யச் சொல்லும், அவ்வளவுதான், செவப்பணு செய்ய இரும்புச்சத்து இருந்தாத்தானே? மெஷின் டயாலிசிஸ்ல ஒவ்வொரு தடவையும் ட்யூப்லயும் ரத்தத்தை வடிகட்டுற டயலைசர்லயும் கொஞ்சம் ரத்தம் தங்கிடுது, போதாததுக்கு டெஸ்டுக்கு வேற எடுக்குறாங்க, இப்படியே வருஷத்துக்கு 1 கிராமுக்கு மேல, சிலருக்கு 2 கிராம் வரைக்கும் இரும்பு போயிடும். நம்ம ஒடம்புல மொத்தமே 3, 4 கிராம்தான் இருக்கும்மா! மாத்திரையால இதை ஈடுகட்ட முடியாது, நரம்பு வழியா அயன் ஊசி போகணும். பிரிட்டன்ல 2,141 டயாலிசிஸ் நோயாளிகளை வச்சு பிவோட்டல்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, மாசாமாசம் 400 மில்லிகிராம் அயன் தாராளமா குடுத்தவங்களுக்கு எரித்ரோபாய்டினும் கம்மியா தேவைப்பட்டுச்சு, ரத்தம் ஏத்துறதும் குறைஞ்சுது. அதனால ஒடம்புல இரும்பு எவ்வளவு இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின், டிசாட் டெஸ்ட் ரெண்டும் கடைசியா எப்ப பாத்தாங்கன்னு மொதல்ல கேளுங்க.

டயாலிசிஸ் முடிஞ்சதும் நான் அந்த டயலைசரைத்தான் கையில வாங்கிப் பாப்பேன். உள்ள செவப்பு செவப்பா கோடு விழுந்திருந்தா ரத்தம் உறைஞ்சு அங்கேயே நின்னுபோச்சுன்னு அர்த்தம், ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற ஹெப்பாரின் மருந்தோட அளவை சரி பண்ணணும், கடைசியில சலைன் விட்டு ரத்தத்தை முழுசா உள்ள அனுப்பணும். அடுத்த தடவை நீங்களும் பாருங்க, டெக்னீஷியன் தம்பிகிட்ட கேக்க தயங்காதீங்க.

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவைங்கறது அவருக்குப் பத்தலைன்னு நினைக்கிறேன். வாரத்துக்கு மூணு தடவை, நாலு நாலு மணி நேரம், இதுதான் வழக்கமான அளவு. கழிவு தேங்கி நின்னா மஜ்ஜையும் மந்தமாயிடும், செவப்பணுவும் சீக்கிரம் அழியும். கழுத்துல டயாலிசிஸ் குழாய் (கத்தீட்டர்) இருந்தா அதுல வர்ற இன்ஃபெக்‌ஷனும் ஊசியை வேலை செய்ய விடாது, கையில ரத்தக்குழாய்களை இணைச்சு ஃபிஸ்டுலா போட்டுக்கறது எவ்வளவோ மேல். டயாலிசிஸுக்குப் போற ஆர்ஓ தண்ணியில, கிருமி கொல்ல சேக்குற குளோரமின் சரியா வடிகட்டாம வந்தா செவப்பணு உடைஞ்சே போகும், அந்த சென்டர்ல பல பேருக்கு ஒரே நேரத்துல ரத்தம் குறைஞ்சா தண்ணியைத்தான் சந்தேகப்படணும்.

இனி வயித்து டயாலிசிஸ். அதுல ரத்தம் வெளிய வர்றதே இல்ல, அதனால இழப்பு இல்ல. மிச்சம் இருக்கற கிட்னி வேலையும் கொஞ்சம் அதிக நாள் நிக்கும், பொதுவா எரித்ரோபாய்டினும் கம்மியா போதும். உங்க தெருக்காரர் 10.8ல இருக்கறதுல எனக்கு ஆச்சரியமில்ல. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு யூரின் இன்னும் போகுதா? அது நின்னு ரொம்ப நாளாச்சுன்னா அந்த லாபத்துல பாதி போச்சு. அந்த தண்ணியில குளுக்கோஸ் இருக்கு, சுகர் ஏறும், புரதமும் வெளிய போகும், கை சுத்தம் தப்பினா வயித்துக்குள்ள இன்ஃபெக்‌ஷன். தினமும் நாலு தடவை தண்ணி மாத்த வீட்டுல ஆளும் எடமும் இருந்தா தாராளமா யோசிக்கலாம், நல்ல முறைதான்.

ஹெச்டிஎஃப் (ஹீமோடயாஃபில்ட்ரேஷன்) கழிவை இன்னும் கூடுதலா வடிகட்டுற ஒரு மெஷின் டயாலிசிஸ்தான். அதுல ரத்தம் ஏறும்னு சில ஆய்வுல வந்துச்சு, சிலதுல வித்தியாசமே இல்ல. 2023ல வந்த கன்வின்ஸ் ஆய்வுல உயிரிழப்பு குறைஞ்சது நிஜம், ஆனா ரத்தத்துக்காக மட்டும் கடன் வாங்கி அதுக்கு மாறாதீங்கம்மா.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், கிட்னி மாத்துற எண்ணம் இருந்தா அடிக்கடி ரத்தம் ஏத்துறதை முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடுங்க, ஒடம்புல எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) உண்டாகி பொருத்தமான கிட்னி கெடைக்கறதே கஷ்டமாயிடும்.

கேள்வி: டயாலிசிஸ்ல இருக்கற அப்பாவுக்கு ரத்தம் ஊற தினமும் முருங்கைக்கீரை சூப்பும் பேரீச்சம்பழமும் தர்றோம். ஹீமோகுளோபினை 14க்கு கொண்டு வரணும், வேற என்ன குடுக்கலாம்?
- வாசகர், கரூர்

பதில்: தம்பி, பாசத்துல பண்றீங்க, புரியுது. ஆனா ரெண்டுலயும் பொட்டாசியம் ரொம்ப அதிகம், வேலை செய்யாத கிட்னியால அதை வெளியேத்த முடியாது, அது ஏறினா இதயத் துடிப்பே நின்னுடலாம். 14ம் வேண்டாம், எரித்ரோபாய்டின் ஊசி போடுறவங்களுக்கு 10லருந்து 11.5 போதும், ஊசியைக் கூட்டி 13க்கு மேல ஏத்தினா பக்கவாத ஆபத்து கூடுதுன்னு ஆய்வுகள்ல தெரிஞ்சிருக்கு. இன்னைக்கே சூப்பையும் பழத்தையும் நிறுத்திட்டு, நாளைக்கே பொட்டாசியம் டெஸ்ட் எடுத்து அப்பாவோட டாக்டர்கிட்ட காட்டுங்க.