காலைக் குளிரில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்: பழைய சொகுசு எஸ்யூவி வாங்குவோரின் கேள்விகள்

சில வாரங்களாக எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை: பழைய ஆடி, பென்ஸ், பிஎம்டபிள்யூ, வால்வோ, லேண்ட் ரோவர். குன்னூரில் பட்டறை வைத்து இந்த வண்டிகளின் அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சமவெளியில் ஓட்டுபவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். மீதிப் பாதி நம் மலைக்கே உரியது.

கோத்தகிரியிலிருந்து: சார், எனக்கு 3 ஏக்கர் தேயிலை இருக்கிறது. கோவையில் ஒன்பது வயதான ஆடி க்யூ7 டீசல் ஒன்று, புது சின்ன கார் விலைக்கே கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். அதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான், அதற்குள் இருக்கும் சாமான்களின் விலை இறங்கவில்லை. முக்கால் கோடிக்குப் பக்கத்தில் விற்ற வண்டி அது. கம்ப்ரசரும் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் இன்றைக்கும் அந்த விலைக்குத் தகுந்த மாதிரிதான் வரும். கையில் பத்து லட்சம் இருந்தால் எட்டு லட்சத்துக்குள் வண்டி பாருங்கள், இரண்டு லட்சம் முதல் வருடச் செலவுக்கென்று தனியாகக் கிடக்கட்டும். அந்த இரண்டு லட்சம் இல்லையென்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் வண்டியும் படுத்துக்கொண்டால் குடும்பமே தவித்துப் போகும். அப்படி இரண்டு வீடுகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ரப்பர் பை இருக்கும், கம்ப்ரசர் அதற்குக் காற்று அடிக்கும். வயதாக ஆக ரப்பர் வெடிப்பு விட்டு, காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்தக் குறையை ஈடுகட்டக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, கடைசியில் அதுவும் போய்விடும். ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இப்படித்தான் இரட்டிப்பாகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மாலையில் வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றியும் கேளுங்கள். 'லைஃப்டைம் ஆயில், மாற்றவே தேவையில்லை' என்று பதில் வரும். இந்த ரக வண்டிகள் பலவற்றுக்கும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் செய்துகொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. ஏற்றத்திலேயே ஓடும் வண்டிக்கு 80,000-ஐத் தாண்ட விடக் கூடாது என்பது என் கருத்து. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஊட்டியிலிருந்து: விற்பவர் அவிநாசி ரோட்டில் ஓட்டிக் காட்டினார், வழுக்கிக்கொண்டு போனது. மலையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். கோவையின் சமதளமான அவிநாசி ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும்.

முடிந்தால் வண்டியை ஒரு ராத்திரி மலையில் நிறுத்தச் சொல்லுங்கள். காலை ஆறரை மணிக்குப் போய் முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓடவிட்டிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில வினாடிகளில் சங்கிலி உரசுகிற மாதிரி சரசரவென்று சத்தம் வந்தால், எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயினைச் சந்தேகப்பட வேண்டும். பிஎம்டபிள்யூவின் பல டீசல் எஞ்சின்களில் அந்தச் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் அதில் கைவைக்க முடியாது. செயின் விலையைவிடக் கூலிதான் பயமுறுத்தும்.

புகையையும் கவனியுங்கள். ஊட்டிக் குளிரில் சைலன்சரிலிருந்து வெள்ளை ஆவி வருவது இயல்பு, கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் ஒரு இனிப்பு வாசனையும் இருந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். நீலம் என்றால் ஆயில். இந்த இரண்டில் எது இருந்தாலும் பேரம் பேசக்கூட உட்கார வேண்டாம்.

அப்புறம் வண்டியை மேட்டுப்பாளையம் ரோட்டில் விடுங்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இதைவிட நல்ல சோதனைச்சாலை எங்கும் கிடைக்காது. இறங்கும்போது கியரைக் கையால் இரண்டில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறினால் டிஸ்க் கோணலாகியிருக்கிறது. பர்லியாறில் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்துவிடும், பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றியிருக்க வேண்டும்.

திரும்பி ஏறும்போது ஏசியைப் போட்டுக்கொண்டே ஏறுங்கள், டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகரக் கூடாது. கூலிங்கில் நம் மலைக்கென்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டியின் கூலிங் சிஸ்டம் மூடியின் அழுத்தத்தால்தான் கொதிக்காமல் தாங்குகிறது. மூடியின் ரப்பர் போயிருந்தாலோ, பிளாஸ்டிக் டேங்கில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, கோவையில் காட்டாத கோளாறை வண்டி லவ்டேல் ஏற்றத்தில் காட்டும். டேங்கைச் சுற்றி வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கடைசியாக, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலவோ தடக் தடக்கென்றோ இருந்தால் நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் வேலை காத்திருக்கிறது.

கல்லட்டி வழியாக இறக்கிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். 36 வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்து இறக்கத்தில் பிரேக்கின் நிலைமை தெரியாத வண்டியை விடுவது உயிரோடு விளையாடுவது.

குன்னூரிலிருந்து: எட்டு வருட வண்டி, 42,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, எஸ்டேட் பங்களாவில் நின்ற வண்டி என்கிறார்கள். நம்பலாமா?

பொய்யாக இருந்தாலும் பிரச்சினை, உண்மையாக இருந்தாலும் பிரச்சினை.

முதலில் பொய்யா என்று பார்ப்போம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் தோல், டிரைவர் சீட்டில் கதவுப் பக்கத்து ஓரம் ஆகிய மூன்றும் 42,000 கிலோமீட்டரில் தேய்ந்திருக்கக் கூடாது. சேஸ் நம்பரைக் கொடுத்து, வண்டி சர்வீஸ் ஆன இடத்தில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான கிலோமீட்டரைக் கேளுங்கள். மீட்டரில் எண்ணை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மீட்டரோடு நிறுத்திவிடுவார்கள். வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்களான வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும், பிஎம்டபிள்யூ போன்ற சில வண்டிகளில் சாவியிலேயேகூட, கிலோமீட்டர் பதிந்திருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை ஒரு மணி நேரம் கூட்டிப்போனால் இது வெளியே வந்துவிடும். எரர் கோடுகளை நேற்றுத்தான் அழித்திருக்கிறார்கள் என்பதையும் அவரால் சொல்ல முடியும்.

உண்மையென்றே வைத்துக்கொள்வோம். பங்களாவிலிருந்து பஜாருக்கு நாலு கிலோமீட்டர், மறுபடி நாலு. டீசல் வண்டிக்கு இது விஷம். சைலன்சர் குழாயில் இருக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது அதிகச் சூட்டில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நிற்காமல் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். நம் ரோட்டில் அது எங்கே நடக்கிறது? ஒவ்வொரு முறையும் பாதியில் எஞ்சினை அணைத்துவிட்டால், எரிப்பதற்காகக் கூடுதலாக அடித்த டீசல் எரியாமல் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இருக்கும் வண்டி என்றால் உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்று டீசல் வாசனை அடித்தால் கதை இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகான டீசல் எஸ்யூவிகளில் இந்த ஃபில்டர் இருக்கும், அதற்கு முந்தைய ஐரோப்பிய வண்டிகள் பலவற்றிலும் உண்டு. 'அதைக் கழற்றிவிட்டோம், இனிமேல் தொந்தரவே இல்லை' என்று யாராவது சொன்னால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். அது சட்டப்படி தப்பு, நாம் மூச்சு விடும் காற்றுக்கும் கேடு.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் அவசியம் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் பஞ்சும் கொட்டைத் தோலும் கிடக்கும், அதுதான் அடையாளம்.

கோத்தகிரியிலிருந்து இன்னொருவர்: வண்டி எல்லா விதத்திலும் பிடித்திருக்கிறது. கதவைத் திறந்தால் பூஞ்சை வாசனை மட்டும் வருகிறது. ஏசி சர்வீஸ் செய்தால் போய்விடும் என்கிறார்கள்.

ஏசியாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சன்ரூஃபைத்தான் பார்ப்பேன். அதன் நான்கு மூலையிலும் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் உண்டு. சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலைத்தூள் அடைத்து, தண்ணீர் கூரை ஓரமாக இறங்கிக் கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். பல சொகுசு வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட்டும் ஒயர் இணைப்புகளும் அந்தக் கார்பெட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. இப்படி நனைந்த ஒரு வண்டிக்கு நான் மூன்று மாதம் வைத்தியம் பார்த்தேன். ஒரு நாள் கண்ணாடி இறங்காது, அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது. அரை டம்ளர் தண்ணீரை சன்ரூஃப் மூலையில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள், சக்கரத்துப் பக்கமாகக் கீழே சொட்ட வேண்டும். கார்பெட்டை அழுத்திப் பார்த்து ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

கூடலூரிலிருந்து: கேரளப் பதிவு வண்டி ஒன்று விலை குறைவாக வருகிறது. வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்டது நல்லது. 2018 கேரள வெள்ளத்திலும், சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். ஸ்டெப்னி குழிக்குள்ளும் சீட்டை முன்பின் நகர்த்தும் இரும்புத் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பு இருந்தாலும் சந்தேகம்தான். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தை விற்பவரிடமே எழுத்தில் கேளுங்கள், தயங்கினால் அதுவே பதில்.

வேறு மாநில வண்டி என்பதால் படிவம் 28 எனும் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வேண்டும். கடன் இருந்திருந்தால் படிவம் 35-உடன் அது ஆர்சியிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடனோ அபராதமோ தடையோ நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டு ஆயுள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் சிறிய தொகை இல்லை. விலை பேசும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

டெல்லி வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதாமே?

டெல்லி வட்டாரத்தில் 10 வயதைக் கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டன. அங்கே விலை சரிந்ததற்கு அது பெரிய காரணம். மேலே சொன்ன என்ஓசி, வரி, அங்கிருந்து கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் மிச்சம் பெரிதாக நிற்காது. ஊட்டியிலேயே பழக்கமானவர் வைத்திருந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மஞ்சூரிலிருந்து: பெட்ரோலா, டீசலா?

தினமும் சின்னத் தூரம் மட்டும் என்றால் டர்போ பெட்ரோல். வாரம் ஒருமுறையாவது கோவைக்குப் போய்வருபவர் என்றால் டீசல். டர்போ இல்லாத பழைய பெட்ரோல் எஞ்சின் மட்டும் வேண்டாம். நம் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, எஞ்சினின் இழுவையும் அதே அளவு குறையும். இரண்டு டன் எடையை வைத்துக்கொண்டு அது திணறும்.

விற்பவர் '50 சதவீத நோ கிளெய்ம் போனஸோடு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதுவும் உங்களுக்கே' என்கிறார்.

கிளெய்ம் எதுவும் செய்யாதவருக்கு பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி ஆளுக்குரியது, வண்டியோடு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், போனஸ் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மசினகுடியிலிருந்து: டயர் நன்றாக இருக்கிறது, பட்டன் எல்லாம் அப்படியே நிற்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் இருந்தாலும், மலையில் நான் ஓட்டமாட்டேன். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாகவும், தேய்மானம் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்க வேண்டும். ஒன்று புதிது, மூன்று பழையது என்றால் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றி, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தின்றுவிடும். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பின்கதவைத் திறந்து பாருங்கள். சில மாடல்களில் காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் பசையும் மட்டும்தான் வைத்திருப்பார்கள். முதுமலைக்குள் ராத்திரியில் டயர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது.