அரச அலுவலகத்தில் காபன் வெளியேற்றத்தைக் குறைக்க, சோலர் போடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

அம்பாறைப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், மேலிடத்துக்குத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவர் என்பதால்தான் இந்த வேலையை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் வந்தது.

சோலர் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வருகிற மின்சாரத்தைக் கொஞ்சமாவது குறைக்க, பகலில் மட்டும் நடக்கிற கந்தோருக்கு அது நல்ல வழிதான். ஆனால் அதற்குக் காசு ஒதுக்க வேண்டும், டெண்டர் போட வேண்டும், கூரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். காசே இல்லாமல் நாளைக்கே தொடங்கக்கூடியது, வாகனங்களின் ரன்னிங் சார்ட்டை, அதாவது எந்த வண்டி எப்போது எங்கே போய்வந்தது என்று எழுதுகிற பதிவைப் பார்ப்பது.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்தேன். வாகன சப்ஜெக்ட் என் கையில். 2022 நடுப்பகுதியில் எண்ணெய் இல்லாமல் நாடே நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தது, வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியர்களை வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். அந்த நாட்களில் எங்கள் எல்லாக் கிளைகளின் கடிதங்களும் வாரத்தில் இரண்டு தடவை ஒரே வண்டியில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போயின. ஒரு வேலையும் கெட்டுப் போகவில்லை. எண்ணெய் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் எல்லாம் பழையபடி ஆனது.

2023இல் ஒரு நாள் ரன்னிங் சார்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 8.40க்குக் காணிக் கிளையின் கோவையோடு டபிள் கெப் கச்சேரிக்குப் போய் 11 மணிக்குத் திரும்பியிருக்கிறது. 1.15க்குக் கணக்குக் கிளையின் கடிதத்தோடு அதே வண்டி அதே கச்சேரிக்கு மறுபடி போயிருக்கிறது. போய்வர 52 கிலோமீற்றர். எங்கள் வண்டிக்கு ஒரு லீற்றர் 10 கிலோமீற்றர் ஓடினால் பெரிய காரியம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. ஆக, ஒரு கடித உறைக்காக 14 கிலோ. அன்றைக்குப் பின்னேரம் முழுக்க முந்தைய மூன்று மாதத்துப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். இப்படி வாரத்துக்கு வாரம் இருந்தது.

பொறுப்பதிகாரியிடம் சொல்லி, சாரதிமார் இருக்கிற அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். எந்தக் கிளைக்கு எங்கே போக வேண்டுமானாலும் முதல் நாள் 3 மணிக்குள் அதில் எழுத வேண்டும். ஒரே பக்கம் போகிறவர்கள் ஒரே வண்டியில். அவ்வளவுதான். மாதம் 310 லீற்றர் போன இடத்தில் 225 லீற்றராக வந்தது.

இதைப் படித்துவிட்டு, சாரதிமாரின் ஓவர்டைமில் கைவைத்துவிட்டாள் என்று யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். அன்றும் சொன்னார்கள். நான் முதலில் பேசியதே எங்கள் மூத்த சாரதி அண்ணனிடம்தான். "மிஸ், நானென்ன என்ட விருப்பத்துக்கா போறன்? அனுப்புற இடத்துக்குத்தானே போறன். ஒரே றோட்டுல ரெண்டு தரம் போனா எனக்கும் நாரி நோகுது" என்றார். அவருடைய ஓவர்டைம் களப்பயணங்களில் வருவது. அதில் ஒரு மணித்தியாலமும் குறையவில்லை. இன்னும் சிலர், உலகத்தில் இலங்கையின் பங்கு எவ்வளவு, பெரிய நாடுகள் செய்யட்டும் என்பார்கள். சரி, பங்கு சிறியதுதான். ஆனால் அந்த டீசலை டொலர் கொடுத்து வாங்குகிறோம். வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனக்கு இன்றும் வலிப்பது வேறு. டிசம்பரில் எரிபொருளுக்கு ஒதுக்கிய காசு மிஞ்சியது. பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். "ஏன் செலவழிக்கவில்லை, அடுத்த வருடம் வெட்டிவிடுவார்களே" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். வருட முடிவில் மிஞ்சுகிற காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும், மிச்சம் பிடித்த கந்தோருக்கு ஒன்றும் வராது. இந்த முறை மாறாமல் எந்தத் திட்டம் எழுதினாலும் டிசம்பரில் வண்டிகள் சும்மா ஓடும். இதை உங்கள் திட்டத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம் ஏசி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் வெயில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி இருந்த காலத்தில் தடித்த சுவர்களே பாதி வெக்கையை நிறுத்தின. நாங்கள் இருந்தது கண்ணாடி யன்னல் கட்டடம். ஏசி இல்லாமல் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. 18இல் வைக்காமல் 26இல் வைத்து ஃபேனும் போட்டால் போதும். அதைவிடப் பெரிய விசயம் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். பழைய ஏசி ஒன்றைக் கழற்ற வந்த தம்பி, குழாயின் நட்டைத் தளர்த்தி வாயுவை அப்படியே வெளியே விட்டார். கொஞ்ச நேரம் உஸ் என்று சத்தம், குழாயில் வெள்ளையாகப் பனி பிடித்தது, முடிந்தது. அது ஆர்-22 என்கிற குளிரூட்டி வாயு. அந்த வாயு ஒரு கிலோ, 1,800 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஓசோனுக்கும் கேடு. எட்டு மாதம் பலகையில் எழுதி எழுதி நான் மிச்சம் பிடித்தது 680 லீற்றர் டீசல். கணக்குப் போட்டால் அதுவும் அந்த ஒரு கிலோ வாயுவின் அளவுதான். தம்பியைக் குறை சொல்லவில்லை, வாயுவை இழுத்துச் சேர்க்கிற கருவி அவரிடம் இல்லை, கொண்டுவா என்று நாங்களும் கேட்கவில்லை. நீங்கள் ஏசி திருத்த விலை கேட்கும்போதே அதை நிபந்தனையாகப் போடுங்கள்.

இந்தத் திட்டத்தை எழுதிக் கொடுக்கிற படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு வந்தது சிங்களத்தில் மட்டும். 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதியாகிவிட்டது. ஆனாலும் பதினொரு வருடமாகச் சுற்றுநிருபங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் படுத்த பிறகு தமிழாக்கி, மறுநாள் கிளை கிளையாகக் கொடுத்தது நான். வருடாந்த மதிப்பீட்டில் அந்த வேலைக்கு ஒரு வரி கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். இருக்கட்டும், வேறு எங்கே சொல்வது?

அந்தப் படிவத்தில் இல்லாத இன்னொன்று, எங்களிடம் வருகிற சனத்தின் பயணம். ஒரு வாரம் வாசலில் நின்று, எத்தனையாவது தரம் வருகிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டு எழுதினேன். ஒரு அம்மா, காணி அனுமதிப்பத்திர வேலையாக நான்காவது தரம். பஸ் இல்லாத ஊர், ஒவ்வொரு தரமும் ஆட்டோ பிடித்து. முதல் நாளே தேவையான பத்திரங்களை எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு தரத்தில் முடிந்திருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு சேவைக்கும் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லாக் கிராம சேவையாளர் கந்தோரிலும் ஒட்டினோம். அந்தப் பெற்றோல் எங்கள் கணக்கில் வராது, ஆனால் எரிய வைத்தது நாங்கள். உங்கள் திட்டத்தில் இதற்கென்று ஒரு நிரல் போடுங்கள். நான் கேட்ட கேள்விகளும் எழுதிய அட்டவணையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.