கேளுங்க ஆச்சி: மாடிக்கு அமெரிக்காக்காரங்க குடி வர்றாங்க

எங்க வீட்டு மாடியில ரெண்டு வருஷமா ஒரு அமெரிக்கக் குடும்பம் குடியிருக்குன்னு போன தடவை போற போக்குல எழுதிட்டேன், அவ்வளவுதான், வந்த கேள்வியெல்லாம் அதைப் பத்தித்தான். இந்த வாரம் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

ஆச்சி, பள்ளத்தூர்ல எங்க பங்கு வீட்டு மாடியை ஒரு அமெரிக்கக் குடும்பம் 11 மாசத்துக்கு கேக்குறாங்க, சின்னப் பிள்ளைங்க ரெண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையணும்னு எங்க வீட்டுக்காரர் பயப்படுறார். விடலாமா?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

தாராளமா விடு ஆத்தா. அலைச்சல் முன்ன மாதிரி இல்ல, எல்லாம் ஆன்லைன்தான். வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குன 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரங்க நாமதான் தகவல் பதியணும், சி ஃபார்ம்னு சொல்லுவாங்க. அது ஹோட்டலுக்கு மட்டும்தான்னு நெனச்சு நான் முதல்ல விட்டுட்டு அப்புறம் முழிச்சேன். 180 நாளுக்கு மேல விசான்னா வந்த 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ.ல, அதான் வெளிநாட்டுக்காரங்களைப் பதியற ஆபீஸ்ல, பதியறது அவங்க வேலை, ஆனா அதுக்கு வாடகை அக்ரிமெண்ட் கேட்டு உன்கிட்டதான் வந்து நிப்பாங்க.

போலீஸை விட பெரிய விஷயம் பங்காளிங்க. வளவு, அதான் வீட்டு நடு முற்றம், எல்லாப் பங்காளிக்கும் பொதுன்னு குடி வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லல. ஒரு நாள் விடியக்காலம் 5 மணிக்கு பங்காளி வீட்டு அறுபதாங் கல்யாண சாந்திக்கு நாதஸ்வரமும் தவிலும் வளவுல ஆரம்பிச்சுது பாரு, மாடியில இருந்து அந்தப் பொண்ணு நைட்டியோட, கையில லேப்டாப்போட, என்னமோ ஏதோன்னு படியிறங்கி ஓடி வந்துச்சு, கீழ பட்டுச்சேலையும் சந்தனக் கும்பாவுமா 200 பேரு அண்ணாந்து பாக்குறாங்க. தப்பு என் மேலதான். மூணு மாசமா அவங்களை விருந்தாளி மாதிரி தாங்கிட்டு இருந்தேன், மோட்டார் எப்ப போடணும், குப்பையை எங்க போடணும், எந்த நிலைக்கு முன்னாடி செருப்பைக் கழட்டணும்னு எதையும் வாய் விட்டுச் சொல்லல, மனசுக்குள்ளயே பொருமிக்கிட்டு இருந்தேன். நம்மாளுங்கன்னா என் மூஞ்சியைப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க, இவங்களுக்கு மூஞ்சி பாக்கத் தெரியாது, சொன்னாத்தான் தெரியும். அன்னிக்கு சாயங்காலமே ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன், அந்தப் பொண்ணு 'தேங்க்யூ ஆச்சி, இதைத்தான் முதல் நாள்ல இருந்து எதிர்பாத்தேன்'னு சொல்லி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சுக்கிச்சு. அதனால நீ குடித்தனக்காரங்க மாதிரியே நடத்து, விருந்தாளி ஆக்காத.

அவங்க ஊர்ல இருந்து கொண்டாந்த காபி மெஷினை இங்க போடலாமான்னு எங்க குடித்தனக்காரர் கேக்குறார்.
- ஒரு வாசகர், தேவகோட்டை

வேணாம்னு சொல்லுங்க தம்பி. அங்க 120 வோல்ட், இங்க 230. கடையில விக்கிற அடாப்டர் பின்னை மட்டும்தான் மாத்தும், கரண்ட்டை மாத்தாது. எங்க மாடியில டோஸ்டர் போட்டு புகை கிளம்பி, ஃபியூஸ் போயி, வீடே இருட்டு. அடியில பொடி எழுத்துல 100-240னு போட்டிருந்தா பயமில்ல, போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சூடு பண்ற சாமானெல்லாம் இங்கேயே வாங்கிக்கச் சொல்லுங்க.

ராத்திரி 10 மணிக்கு மேலதான் மாடியில பேச்சு சத்தமே ஆரம்பிக்குது, பார்ட்டியா ஆச்சி?
- பேர் வேண்டாம், கானாடுகாத்தான்

பார்ட்டியும் இல்ல ஒண்ணுமில்ல, பாட்டி. ஊர்ல இருக்கிற பாட்டிகூட போன்ல பேசுறாங்க. அவங்க நியூயார்க் பக்கம்னா அங்க கோடையில நம்மளை விட ஒன்பதரை மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல பத்தரை. மார்ச்லயும் நவம்பர்லயும் கடிகாரத்தை மாத்தி வெப்பாங்க, நாம மாத்துறதில்ல. பாட்டி மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்கார்ற நேரம் இங்க பேரப்பிள்ளைங்க தூங்குற நேரம். பர்மாவுல இருந்து கடுதாசி வர மாசக்கணக்கா காத்துக் கெடந்த வீடுங்க நம்ம வீடு, ஒரு மணி நேர சத்தத்துக்குப் போயி கோவிச்சுக்கலாமா?

என் ஃப்ரெண்டு அமெரிக்க சிட்டிசன், காரைக்குடியில உக்காந்து வேலை பாக்குறான், அங்கயும் வரிக் கணக்கு காட்டணுமாம். நெசமா?
- ஒரு மாணவர், காரைக்குடி

நெசம்தான். எந்த நாட்டுல இருந்தாலும் சிட்டிசனா இருந்தா வருமானத்துக்கு அமெரிக்காவுல கணக்கு தாக்கல் பண்ணணும், வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு ஜூன் 15 வரைக்கும் டைம். காட்டறது வேற, கட்டறது வேற, விலக்கு, கழிவு எல்லாம் போக நெறைய பேருக்கு கட்ட ஒண்ணும் வராது. இன்னொண்ணு, இங்க இருக்கிற பேங்க் கணக்கெல்லாம் சேத்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டிட்டா அந்தக் கணக்குகளைத் தெரியப்படுத்த தனியா எஃப்பார்னு ஒரு படிவம் இருக்கு, அதை மறந்தா அபராதம் பெருசு. இங்க 182 நாள் இருந்துட்டா நம்ம வருமான வரியும் வந்து நிக்கும், ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆடிட்டரா பாக்கச் சொல்லுப்பா.

தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாங்க கார்த்திகையில கவிச்சி தொடமாட்டோம், போகலாமா?
- ஒரு வாசகி, கொத்தமங்கலம்

போயிட்டு வாங்க. அது நவம்பர் நாலாவது வியாழக்கிழமை, எப்பவும் கார்த்திகையிலதான் வந்து விழும். வான்கோழி இங்க லேசுல அகப்படாது, அவங்க கோழியைத்தான் முழுசா சுட்டு வெப்பாங்க, சாப்பிட மாட்டோம்னு முன்கூட்டியே சொல்லிட்டா வருத்தப்படவே மாட்டாங்க, சொல்லாமப் போயி தட்டை ஒதுக்கினாத்தான் சங்கடம். சொன்ன நேரத்துக்குப் போங்க, 7னா 7தான். பரங்கிக்காயை இனிப்பா அரைச்சு மாவுல ஊத்தி சுட்டு பம்ப்கின் பைனு ஒரு பண்டம் வரும், பேர்லயே பரங்கி இருக்கு, முட்டை சேப்பாங்க, கேட்டுக்கங்க.

நான் ஒரு தூக்குல பரங்கிக்காய் பால்கறி எடுத்துட்டுப் போவேன். முதல் வருஷம் தூக்கு பளபளன்னு கழுவி வெறுமனே திரும்பி வந்துச்சு, வெறும் பாத்திரமா அனுப்புறாங்களேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, அது அவங்க ஊர் வழக்கம், உங்களுக்கும் அப்படி வந்தா மனசுல வெச்சுக்காதீங்க. போன வருஷம் உள்ள நாலு பிஸ்கட் இருந்துச்சு. நான் எழுதிக் குடுத்த பேப்பர்ல அது இல்ல, பால்காரம்மா சொல்லியிருக்கணும்.