ரோட்டோர நிலமும் ரோட்டோரப் பலகையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நெல்லையிலிருந்து தென்காசி போகும் ரோட்டில் நாலு வழிச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுமந்து வருகின்றன. "என் பட்டா இடம். இதில் கட்டவோ, போர்டு வைக்கவோ எவன் குறுக்கே நிற்பது?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பட்டாவைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு: முன்னால் போவது யாருடைய ரோடு, அந்த ரோட்டின் எல்லை எங்கே முடிகிறது. நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தெரிந்ததை எழுதுகிறேன்.

"நாங்குநேரி பக்கம் நாலு வழிச் சாலையை ஒட்டி எனக்கு 14 சென்ட் கிடக்கு. ஓட்டல் போடலாம்னு பார்த்தா, ரோட்டு நடுவுல இருந்து 40 மீட்டர் விட்டுத்தான் கட்டணும்னு பிளான் போடுற தம்பி சொல்றாரு. உண்மையா?"

தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நெடுஞ்சாலைக்கு மூன்று கோடுகள் உண்டு. முதலாவது எல்லைக் கோடு. அதுவரை உள்ளது சாலைக்குச் சொந்தமான நிலம். அதற்கு வெளியே கட்டடக் கோடு. இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் அதில் கட்டடம் எழுப்பக் கூடாது. இன்னும் தள்ளிக் கட்டுப்பாட்டுக் கோடு. அங்கே கட்டலாம், என்ன மாதிரிக் கட்டடம், எதற்காக என்பதைத் துறை கேட்கும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் கணக்குப்படி, ஊருக்கு வெளியே சமதளத்தில் போகும் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்குச் சாலையின் மையத்திலிருந்து கட்டடக் கோடு 40 மீட்டர், கட்டுப்பாட்டுக் கோடு 75 மீட்டர். ஊருக்குள் இது மாறும். உங்கள் பகுதிக்கு என்ன நிர்ணயித்திருக்கிறார்களோ அதுதான் உங்களைக் கட்டும்.

உங்கள் இடத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 சென்ட் என்றால் ஏறக்குறைய 566 சதுர மீட்டர். முகப்பு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உள்நீளம் 28 மீட்டர். சாலை எல்லை மையத்திலிருந்து 30 மீட்டரில் முடிந்தால், உங்கள் இடத்தில் முன்பக்கம் 10 மீட்டர் காலியாக விட வேண்டும். அதாவது 5 சென்ட் போக, கட்டுவதற்கு 9 சென்ட். அந்த 5 சென்ட் உங்கள் கையை விட்டுப் போகவில்லை. லாரியும் காரும் நிற்க ஓட்டலுக்கு இடம் வேண்டாமா? அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சட்டம் கட்டுகிறவனைப் பகைத்துப் போட்டதல்ல. எல்லைக் கல்லை ஒட்டிக் கட்டியவர்கள்தான் அடுத்த விரிவாக்கத்தில் முதலில் இடிபடுகிறார்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம் கடைவீதிகளில் முகப்பு இடிபட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கட்டடத்தை விட முக்கியமானது வழி. தேசிய நெடுஞ்சாலை நிலம், போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002-இன்படி, அனுமதி இல்லாமல் நெடுஞ்சாலையிலிருந்து வண்டியைத் தன் இடத்துக்கு இறக்கவும் திரும்பச் சாலைக்கு ஏற்றவும் யாருக்கும் உரிமை கிடையாது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வாறுகாலுக்கு (சாலையோர வடிகாலுக்கு) மேல் பாலம் போட்டு, வண்டி வேகம் குறைத்து ஒதுங்கத் தனிப் பாதையும் அமைக்க வேண்டும். செலவுதான். ஆனால் நூறில் வருகிற வண்டி உங்கள் ஓட்டலைப் பார்த்துச் சட்டென்று பிரேக் போட்டால், பின்னால் பைக்கில் வருகிற பிள்ளை என்ன ஆவான்? வாடிக்கையாளர் வசதிக்காக நடுத்தடுப்பை உடைத்து வழி விடுவதை நம் பக்கத்தில் பல இடங்களில் பார்க்கிறேன். அது ஆளைக் கொல்லும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

"ஆலங்குளத்துல எங்க அப்பா காலத்துல இருந்து கடை. வீட்டு வரி, கரண்ட் பில் எல்லாம் எங்க பேர்ல. இப்ப ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் வந்திருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல இருந்தா எடம் நமக்குத்தானேன்னு எல்லாரும் சொல்றாங்க."

அப்படிச் சொல்பவர்களை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் அண்ணாச்சி. வீட்டு வரி ரசீது, வரி கட்டியதற்கு ஆதாரம். மின் இணைப்பு, மின்சாரம் பயன்படுத்தியதற்கு ஆதாரம். இரண்டும் நிலத்துக்கு உரிமை தராது. அந்த முப்பது வருஷக் கணக்கு, அரசு சிவில் வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. உங்களுக்கு வந்திருப்பது வழக்கு இல்லை. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் 28-ஆம் பிரிவின்கீழ் நேரடியாக அனுப்பிய அறிவிப்பு. பொதுச்சாலையில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது பொதுச்சாலைதான் என்பதே நீதிமன்றங்களின் நிலை.

ஆனால் நோட்டீஸ் வந்ததாலேயே உங்கள் இடம் ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் எஃப்எம்பி ஸ்கெட்ச்சையும் (நிலத்தின் அளவுகள் போட்ட சர்வே வரைபடம்) அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகலையும் எடுங்கள். ஸ்கெட்ச்சை அரசின் பட்டா இணையதளத்திலேயே எடுக்கலாம். உங்கள் சர்வே எண்ணும் சாலையின் சர்வே எண்ணும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டின் அளவுகளைப் பாருங்கள். பிறகு தாலுகா ஆபீசில் பணம் கட்டி, அரசு சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள்: நெடுஞ்சாலைத் துறை ஆளும் உடன் இருக்கும்போது அளக்க வேண்டும். பழைய அளவுக்கல் மண்ணுக்குள் புதைந்திருக்கும். கடப்பாரை போட்டுத் தோண்டினால் முழ ஆழத்தில் தட்டுப்படும். அந்தக் கல்லிலிருந்து அளந்ததற்கு இருக்கும் மதிப்பு, வாறுகாலிலிருந்து அளந்ததற்குக் கிடையாது.

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் எழுத்துமூலம் பதில் கொடுத்து, தேதியும் சீலும் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விளக்கத்தைப் பரிசீலித்து உத்தரவு போட வேண்டியது அதிகாரியின் கடமை. அப்படிப் போடாமல் இடிக்க வந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உங்களுக்குப் பேச்சு இருக்கும். பதிலே கொடுக்காமல் இருந்தால் நீதிபதி முதலில் கேட்பது அதைத்தான். சாலை எல்லை வரைபடம் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் முத்திரை ஒட்டி இன்றைக்கே ஒரு மனு போடுங்கள். பதில் தர முப்பது நாள் கெடு.

அளந்த பிறகு கடையின் முன் தாழ்வாரம் சாலைக்குள் இருப்பது தெரிந்தால், அதை நீங்களே பிரித்துவிடுங்கள். தகரத்தையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் முழுசாகக் காப்பாற்றலாம். ஜேசிபி வந்தால் சுவரும் சேர்ந்து விழும்.

"எங்க ஊர் வழியாப் போறது யாரு ரோடுன்னே தெரியலை. எந்த ஆபீசுக்குப் போகணும்?"

மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ம், நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் 138-ம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகப் போகும் 744-ம் தேசிய நெடுஞ்சாலைகள். நெல்லையிலிருந்து தென்காசி போகும் ரோடு மாநில நெடுஞ்சாலை 39. மாநிலச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகம். தேசியச் சாலை என்றால், பராமரிப்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையமா, மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆபீசுக்கும் அலைவீர்கள்.

"வண்ணார்பேட்டை பைபாஸ்ல அல்வாக் கடை. என் கடை பேரை நான் எழுதி வைக்க யார் கிட்ட கேக்கணும்?"

உங்கள் கடை முகப்பில், உங்கள் எல்லைக்குள், கடை பெயர் தாங்கிய பலகை வேறு. ஊரெல்லாம் வைக்கும் விளம்பரப் பலகை வேறு. முதலாவதைச் சாலை விதிகள் பெரும்பாலும் ஏற்கின்றன. ஆனால் பலகை சாலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கால் ஊன்றி நிற்கும் பலகையை நடைபாதையில் வைக்கக் கூடாது. சாலையோர விளம்பரங்களுக்கென்று சாலைப் பேராயம் வகுத்த கொள்கை தெளிவாக இருக்கிறது: சாலை நிலத்துக்குள் கூடாது, வண்டி ஓடும் தார் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள் கூடாது, பாலம், சந்திப்பிலிருந்து 100 மீட்டருக்குள் கூடாது, போக்குவரத்துக் குறிப்பலகையிலிருந்து 50 மீட்டருக்குள் கூடாது. ஊருக்குள் சந்திப்புத் தூரத்தை 50 மீட்டர் வரை குறைக்க இடம் உண்டு.

எனக்கு மிகவும் பயம் தருவது மினுக்கும் விளக்குப் பலகைகள். சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிவதை, மழை பெய்யும் ராத்திரியில் சிக்னலுக்குப் பக்கத்தில் பார்த்தால் எது சிக்னல் என்று தெரியாது. போக்குவரத்துக் குறியை மறைக்கும் அல்லது அதைப் போலவே இருந்து ஏமாற்றும் பலகையை அகற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு காவல்துறைக்கே அதிகாரம் தருகிறது. சீராக எரியும் ஒரே நிற விளக்குப் போதும். அல்வா வாங்க வருகிறவர் எப்படியும் தேடி வந்துவிடுவார்.

"புளியங்குடி பக்கம் என் வயல்ல பெரிய விளம்பரப் பலகை வைக்க ஒரு கம்பெனி வாடகை தாறேன்னு சொல்லுது. கையெழுத்துப் போடலாமா?"

பலகை வைக்கக் கம்பெனி வாங்கிய உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் போடாதீர்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்பது உரிமம் ஆகாது. பஞ்சாயத்துத் தலைவர் வாய்மொழியாகச் சரி என்றதும் ஆகாது.

அடுத்து, காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தானே நம் பக்கத்தில் காற்றாலை போட்டிருக்கிறார்கள்! பெரிய பலகை பாய் விரித்த தோணி மாதிரி அவ்வளவு காற்றையும் வாங்கி, அடியில் உள்ள நாலு போல்ட்டில் இறக்கும். அந்தப் போல்ட்டைக் குனிந்து பாருங்கள். துரு செதிலாக உரிந்தால், நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் நகம் நுழைந்தால், அது அடுத்த ஆடியைத் தாங்காது. 2023 ஜூன் 1-ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டியில் பலகை மாட்டும்போது சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் செத்தார்கள். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் விழுந்த பலகை 17 பேரைக் கொன்றது. இரண்டிலும் திடீர்க் காற்றுதான். உங்கள் வயலில் அப்படி ஒன்று நடந்தால் வழக்கில் இடத்துக்காரர் பெயரும் வரலாம்.

ஆகவே ஒப்பந்தத்தில் உரிமத்தின் எண்ணும் காலமும், கட்டுமானப் பொறியாளரின் உறுதிச் சான்றும், மூன்றாம் நபர் காப்பீடும் இருக்க வேண்டும். உரிமம் முடிந்தால் கம்பெனியே தன் செலவில் இரும்பைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றும் எழுதுங்கள். அது இல்லாததால் துருப்பிடித்த இரும்புச் சட்டத்தோடு வருஷக்கணக்கில் கிடக்கும் வயல்களைப் பார்த்திருக்கிறேன்.

"கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரோட்டுக்குக் குறுக்கே வளைவு, பிளெக்ஸ் வைக்கலாமா? வருஷா வருஷம் வைக்கோம்."

அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் சிக்கி இறந்ததை ஊரே பார்த்தது. கொடைக்கு வரி பிரிக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பெயர் போட்ட பிளெக்ஸ் கோயில் வளாகத்துக்குள் மட்டும். ரோட்டில் குழி தோண்டிக் கம்பு நடுவது தனிக் குற்றம். கொடை முடிந்ததும் அந்தக் குழியை யார் மூடுகிறார்கள்?

"மூன்றடைப்பு பக்கத்துல சீசனுக்கு நுங்கு, பதநீர் விக்கோம். விரட்டுறாங்க. தெருவோர வியாபாரிச் சட்டம் எங்களுக்கு உண்டா?"

அம்மா, 2014-ஆம் வருஷத்துச் சட்டம் நகரத்துக்கானது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியில் குழு போட்டு இடம் ஒதுக்குவார்கள். ஊருக்கு வெளியே நாலு வழிச் சாலையில் அது உங்களுக்குக் கைகொடுக்காது. சாலை எல்லைக்கு வெளியே உள்ள தோட்டக்காரரிடம் பேசி, அவர் இடத்தில் ஓலைப் பந்தல் போடுங்கள். சர்வீஸ் ரோட்டுப் பக்கமாக இருந்தால் வண்டி நிறுத்தி வாங்குவதும் சுலபம். ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில், பனைத் தொழிலாளர்களுக்கு ஒதுங்குமிடம் ஒதுக்கக் கேட்டுச் சேர்ந்து மனு கொடுங்கள். இதை அரசு செய்து தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பனையை வெட்டவே ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் உத்தரவு போட்ட அரசுக்கு, பனையேறி விற்க இடம் கொடுக்கும் கடமையும் உண்டு.

"எங்க கடை போர்டை ரோட்டோரப் புளியமரம் மறைக்குது. கிளைய வெட்டலாமா?"

மரம் உங்களுடையது இல்லை, கிளையும் இல்லை. வெட்டினால் வழக்கு வரும். கிளை மின்கம்பியில் உரசினாலோ, வளைவில் எதிர்வரும் வண்டியை மறைத்தாலோ உதவிக் கோட்டப் பொறியாளருக்குப் படத்தோடு எழுதுங்கள், அவர்கள் கழிப்பார்கள். மரத்தையே எடுக்க வேண்டும் என்றால் மாவட்டப் பசுமைக் குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். உங்கள் போர்டுக்காக மட்டும் என்றால், போர்டை இரண்டடி இறக்கி மாட்டுங்கள்.