பழைய ஃப்ளட்டர் ப்ராஜெக்ட் திடீரென்று பில்ட் ஆகவில்லை, என்ன செய்வது?

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை அப்டேட் செய்தபின் "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65" என்று பிழை வருகிறது, பழைய பில்ட் கோப்புகளை அழிக்கும் ஃப்ளட்டர் கிளீன் கட்டளை கொடுத்தும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோடில் தவறில்லை, அதைத் தொடாதீர்கள்.

அந்த 65தான் துப்பு. ஜாவா 17க்கு உள் எண் 61, ஜாவா 21க்கு 65. லேடிபக் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு ஜாவா 21 வருகிறது. நீங்கள் வேறு பாதை கொடுக்காதவரை ஃப்ளட்டர் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆப்பை பில்ட் செய்யும் கருவியான கிரேடில், 8.5 பதிப்பு முதல்தான் ஜாவா 21இல் ஓடும். உங்களுடையது அதற்கு முந்தையதாக இருக்கும். கேஷை எத்தனை முறை அழித்தாலும் இது மாறாது, டேட்டாதான் வீண்.

முதலில் ஃப்ளட்டர் டாக்டரை வெர்போஸ் முறையில் ஓட்டி, ஜாவா எந்தப் பாதையில் இருக்கிறது என்று பாருங்கள். நாளைக்கே ரிலீஸ் என்றால் ஜேடிகே 17ஐ (ஜாவா 17இன் டெவலப்பர் தொகுப்பு) நிறுவி, ஃப்ளட்டர் கான்ஃபிக்கில் அதன் பாதையைக் கொடுத்துவிடுங்கள். கிரேடில் 7.3 முதல் அதில் ஓடும். ஆனால் இந்த அமைப்பு உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும். கூட வேலை செய்பவருக்கு அதே பிழை வரலாம்.

அதனால் அவகாசம் கிடைத்ததும் ப்ராஜெக்டின் கிரேடில் பதிப்பைக் குறிக்கும் ரேப்பர் கோப்பில் அந்த எண்ணை ஏற்றுவதுதான் சரி என்பேன். கூடவே ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகினையும் ஏற்ற வேண்டிவரும். அது 8ஐத் தொட்டால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் நேம்ஸ்பேஸ் (அதற்கான தனிப் பெயர்) கேட்கும். கைவிடப்பட்ட பழைய பேக்கேஜ்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும், அவற்றுக்கு மாற்று தேடி வையுங்கள்.

அப்புறம், எமுலேட்டரில் லோக்கல்ஹோஸ்ட் சர்வர் கிடைக்கவில்லை என்றீர்களே, அதற்குப் பதில் 10.0.2.2 என்ற முகவரியைப் போடுங்கள், எமுலேட்டருக்கு அதுதான் உங்கள் கணினி.